மூக்கோரத்துச் சிறு தசை எங்கே போயிற்று?

முதலாண்டு மருத்துவ மாணவர் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. சடலத்தின் முகத்தை அறுத்துப் பார்க்கும் வகுப்பில், மூக்கின் பக்கவாட்டில் இருக்க வேண்டிய "லெவேட்டர் லேபியை சுப்பீரியாரிஸ் அலீக்வி நேசை" என்ற தசையை அவருடைய மேஜையில் யாராலும் காட்ட முடியவில்லை. பாடநூலில் அதற்கு நான்கே வரி. பெயரின் நீளத்துக்கும் தசையின் அளவுக்கும் பொருத்தமே இல்லை. இது ஒருவருக்கு இல்லாமல் போனால் என்ன குறைந்துவிடும், இதை எதற்காகப் படிக்க வேண்டும் என்பது அவருடைய கேள்வி.

இருபது ஆண்டுகளாக உடற்கூறியல் கற்பிக்கிறேன். ஒவ்வோர் ஆண்டும் ஏதாவது ஒரு மேஜையிலிருந்து இதே குரல் வரும். உங்கள் தசை தொலைந்து போகவில்லை. நீங்கள் உரித்துப் புரட்டி வைத்திருக்கிறீர்களே, அந்தத் தோலின் உட்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். பெரும்பாலும் அங்கேதான் ஒட்டிக்கொண்டிருக்கும், வெளிறிய பழுப்பில், கொழுப்பு என்று நீங்கள் நினைத்த ஓர் இழையாக.

கையிலும் காலிலும் நீங்கள் இதுவரை பார்த்த தசைகள் எலும்பில் தொடங்கி எலும்பில் முடிந்தன. அவற்றின் மேல் உறை போல ஒரு திசுப்படலம் இருந்தது. தோலை எடுத்தீர்கள், கொழுப்பை எடுத்தீர்கள், படலம் வந்தது, அதைக் கீறினால் தசை. முகத்தில் அந்த வரிசை கிடையாது. கன்னத்தின் ஆழத்தில் இருக்கும் பக்சினேட்டரைத் தவிர, முகபாவத் தசைகளுக்கு மேல் அப்படிப்பட்ட உறை இல்லை. அவை எலும்பில் தொடங்கினாலும் தோலில் போய் முடிகின்றன. தோலை இழுப்பதே அவற்றின் தொழில். தோலைப் பற்றி இழுக்கத் தெரிந்த தசை, நீங்கள் தோலை இழுத்தால் கூடவே வரத்தான் செய்யும். போதாக்குறைக்கு மூக்கின் மேல்பகுதியில் தோல் மெல்லியது, விரலால் தள்ளினால் நகரும். நுனியிலும் மடலிலும் தடித்து, எண்ணெய்ச் சுரப்பிகள் நிறைந்து, அடியில் இறுகப் பற்றியிருக்கும். மேலே சுலபமாக உரிந்துவந்த அதே வேகத்தில் கீழேயும் கத்தியை ஓட்டினால், பார்மலினில் விறைத்துப்போன முகத்தில் தோல் எது தசை எது என்று கத்திக்குத் தெரியாது.

பெயரைக் கண்டு மிரளாதீர்கள். லத்தீனைப் பிரித்தால் நம் மொழிக்கு மிகவும் நெருங்கிய கட்டமைப்பு அது. லெவேட்டர், உயர்த்துவது. லேபியை சுப்பீரியாரிஸ், மேலுதட்டை. நேசை, மூக்கின். "அலீ" என்பது சிறகு. அதன் ஈற்றில் ஒட்டியிருக்கும் "க்வி" நம்முடைய "உம்" செய்கிற வேலையைச் செய்கிறது. ஆக, "மேலுதட்டையும் மூக்கின் சிறகையும் உயர்த்துவது". லத்தீன்காரர் சிறகு என்றதை நாம் மடல் என்கிறோம். காது மடல், தாழை மடல் போல மூக்கு மடல். உடலில் இதைவிட நீளமான பெயர் கொண்ட தசை வேறில்லை. அந்த "உம்" இருக்கிறதே, அதைப் பிடித்துக்கொண்டால் இந்தத் தசையின் அமைப்பு முழுவதும் கைக்கு வந்துவிடும். ஒரே தொடக்கம், இரண்டு முடிவு. நூறு பேரிடம் வாய்மொழித் தேர்வில் கேட்டிருக்கிறேன். பெயரை மூச்சுவிடாமல் சொல்பவர்கள் உண்டு, பெயருக்குள் இருக்கும் அந்த இரண்டு வேலைகளைச் சொல்பவர்கள் குறைவு.

தொடக்கம் மேல்தாடை எலும்பின் நெற்றி நீட்சியில், அதாவது கண்ணின் உள்மூலைக்கும் மூக்குத்தண்டுக்கும் இடையில் மேலேறும் எலும்புப் பகுதியின் மேற்புறத்தில். மூக்குக் கண்ணாடி அணிபவர்களுக்கு அதன் சிறு பட்டைகள் அழுத்தித் தழும்பு விழும் இடத்தின் ஓரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து மூக்கின் ஓரமாகவே கீழிறங்கி, சற்று வெளிப்புறம் சாய்ந்து, இரண்டாகப் பிரிகிறது. உட்கிளை மூக்கு மடலின் பெரிய குருத்தெலும்பை மூடிய உறையிலும் அதன் மேலுள்ள தோலிலும் பதிகிறது. வெளிக்கிளை மேலுதட்டுக்குள் இறங்கி, பக்கத்திலேயே வரும் மேலுதடு உயர்த்தும் தசையோடும் வாயைச் சுற்றியோடும் தசையோடும் கலந்துவிடுகிறது. மேலோட்டமான சில இழைகள் வெளிப்புறமாக வளைந்து, மூக்கோரத்திலிருந்து வாய்க்கோடி நோக்கி இறங்கும் கோட்டின் மேல்பகுதியில் தோலின் அடியில் பதிகின்றன. சிரிக்கும்போதும் அழும்போதும் அந்தக் கோடு மேல்முனையில் ஆழமாக விழுவது இவற்றால்தான்.

பழைய நூல்களில் இந்தப் பெயரையே காண மாட்டீர்கள். மேலுதட்டின் நாற்கோணத் தசை என்ற ஒன்றின் மூன்று தலைகளில் மூக்கோரத்துத் தலை என்று இதைச் சொல்லியிருப்பார்கள். நூலகத்தில் பழைய பதிப்பைப் பிரித்துக் குழம்பும் மாணவர்களுக்காக இதைச் சொல்லி வைக்கிறேன்.

இனி உங்கள் முகத்திலேயே பாருங்கள். கண்ணாடி முன் நின்று, சுட்டுவிரலைக் கண்ணின் உள்மூலைக்குச் சற்றுக் கீழே, மூக்கோரத்தில் மெதுவாக வையுங்கள். அழுகிய முட்டையின் நாற்றம் அடித்தால் முகம் எப்படிப் போகுமோ அப்படிச் செய்யுங்கள். விரலடியில் ஒன்று திரண்டு எழும்பும். மடல் மேலேறும், உதடு கூடவே போகும், மூக்குத்தண்டின் ஓரத்தில் சாய்வாகச் சுருக்கங்கள் விழும். இப்போது உதட்டை அசைக்காமல் மூக்கின் துளைகளை மட்டும் விரிக்க முயலுங்கள். எல்லோருக்கும் இது கைவராது. வருபவர்களுக்கு விரலடியில் முன்போலத் திரட்சி தெரியாது. அசைவு முழுவதும் கீழே, மடலிலேயே நிகழும். அது பெரும்பாலும் நேசாலிஸ் என்ற தசையின் மடல் பகுதி செய்வது.

நம் மொழி இந்த இரண்டையும் எப்போதோ பிரித்து வைத்திருக்கிறது. அருவருப்பில் "மூக்கைச் சுளிக்கிறோம்". கோபத்தில் "மூக்கு விடைக்கிறது". சுளித்தல் மேல்நோக்கிய சுருக்கம். விடைத்தல் பக்கவாட்டில் விரிவது. ஒன்றின் இடத்தில் மற்றதைப் போட்டுப் பாருங்கள், காதுக்கே ஒவ்வாது. சுளிப்பில் நம் தசைக்கு முதலிடம். விடைப்பில் நேசாலிஸுக்கு முதலிடம், நம் தசையின் உட்கிளை துணை நிற்கிறது. வகுப்பில் இந்த இரண்டு சொற்களையும் கரும்பலகையில் எழுதிவிட்டுத்தான் நான் படம் வரையத் தொடங்குவேன்.

உளவியலாளர்கள் பால் எக்மன், வாலஸ் ஃபிரீசன் இருவரும் 1978-இல் வெளியிட்ட முக அசைவுக் குறியீட்டு முறையில் மூக்குச் சுளிப்புக்கு ஒன்பதாம் எண் கொடுத்திருக்கிறார்கள். அருவருப்பின் அடையாளங்களில் முதன்மையானது அது. அவர்களுக்கு நூறாண்டுக்கும் முன்னால், 1862-இல் வெளியான நூலுக்காக, பிரெஞ்சு மருத்துவர் துஷேன் முகத்தில் மெல்லிய மின்னோட்டம் செலுத்தி ஒவ்வொரு தசையையும் தனித்தனியாகச் சுருங்க வைத்துப் படம் பிடித்தார். அவர் இந்தத் தசைக்கு இட்ட பெயர் அருவருப்பைச் சேர்ந்ததே அல்ல: கண்ணீர் பெருக்கி அழும் தசை என்றார். குழந்தை தேம்பியழும்போது பாருங்கள், மேலுதடு மூக்கோரத்தில் தூக்கி, மடல் மேலேறி, வாய் கிட்டத்தட்டச் சதுரமாகும். துஷேன் சொன்னது விளங்கும். ஒரு தசைக்கு ஓர் உணர்ச்சி என்று ஒட்டிவிட முடியாது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

முகபாவத்தோடு நிறுத்தியிருந்தால் நான்கு வரி போதும் என்று நானும் ஒப்புக்கொண்டிருப்பேன். உங்கள் இரண்டாவது கேள்வி, இது இல்லாவிட்டால் என்ன குறையும் என்பது. எனக்கு அதற்கான பதில் கிடைத்தது எங்கள் வீட்டில்.

என் அத்தைக்கு ஒரு நாள் காலையில் முகத்தின் இடப்பக்கம் செயலிழந்தது. ஏழாவது மண்டை நரம்பான முகநரம்பின் வாதம். கண் மூடவில்லை, வாய் கோணியது, குடித்த காப்பி ஓரத்தில் வழிந்தது. இவையெல்லாம் நூலில் உள்ளவை, எதிர்பார்த்தேன். நான்காம் நாள் அவர் சொன்னது நான் எதிர்பாராதது. "இந்தப் பக்கத்து மூக்கு அடைத்தே இருக்கிறது. சளி ஒன்றும் இல்லை. படுத்தால் மூச்சு இழுக்கவே சிரமமாக இருக்கிறது." சொல்லிக்கொண்டே ஆட்காட்டி விரலால் கன்னத்தைக் காதுப் பக்கம் இழுத்துப் பிடித்தார். "இப்படிப் பிடித்தால் காற்று போகிறது, பார்." போனது. விரலை எடுத்தார், அடுத்த மூச்சு இழுப்பில் இடப்பக்க மடல் உள்ளே ஒட்டிக்கொண்டது. வலப்பக்கம் அசையாமல் நின்றது. நான் அருகில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூக்கு வைத்தியர்கள் காற்று போகும் வழியைச் சோதிக்கக் கன்னத்தை விரலால் இழுத்துப் பார்ப்பது உண்டு. அத்தைக்கு அதை யாரும் சொல்லித் தரவில்லை.

ஏன் அப்படி ஆகிறது? மூக்கு மடலைத் தொட்டுப் பாருங்கள், மூக்குத்தி அணியும் இடத்தை. அங்கே குருத்தெலும்பு இருக்கும் என்று பலரும் நினைக்கிறார்கள். மடலின் பெரிய குருத்தெலும்பு விளிம்பு வரை வருவதில்லை. பின்புறமாகப் போகப் போக அது மேலே ஏறிவிடுகிறது. விளிம்பை ஒட்டிய பகுதி நார்த்திசுவும் கொழுப்பும் தோலும் மட்டுமே. மூச்சை உள்ளிழுக்கும்போது மூக்கினுள் அழுத்தம் குறைகிறது, சுவர் உள்நோக்கி உறிஞ்சப்படுகிறது. மெல்லிய உறிஞ்சுகுழலை வேகமாக உறிஞ்சினால் அது ஒட்டிக்கொள்வதைப் போல. எலும்பும் குருத்தெலும்பும் தாங்காத இடத்தில் தாங்கி நிற்பது தசை. மூச்சுப் பாதை முழுவதும் காற்றுக்கு ஏற்படும் தடையில் ஏறத்தாழப் பாதி மூக்கில்தான் ஏற்படுகிறது. அந்த ஒடுங்கிய வாசலின் காவல் இந்தச் சிறு இழைகளிடம் இருக்கிறது. மடலை விரிக்கும் தசைகள் உதரவிதானம் இழுக்கத் தொடங்குவதற்கு ஒரு நொடியின் சிறு பகுதி முன்னாலேயே இறுகிவிடுகின்றன. காற்று வருவதற்கு முன் கதவு திறக்கப்படுகிறது. நீங்கள் இதைப் படித்துக்கொண்டிருக்கும்போதும் அது நடந்துகொண்டுதான் இருக்கிறது.

சார்லஸ் பெல்லின் பெயரை முகவாதத்தோடு சேர்த்து எல்லோரும் படிக்கிறோம். 1821-இல் லண்டன் ராயல் சொசைட்டியில் அவர் முன்வைத்த ஆய்வில் ஒரு கழுதை வருகிறது. அதன் முகநரம்பை ஒரு பக்கம் அறுத்தார். அந்தப் பக்க மூக்குத்துளை மூச்சோடு சேர்ந்து அசைவதை நிறுத்திவிட்டது. அதைக் கண்டு அவர் இந்த நரம்புக்கே முகத்தின் சுவாச நரம்பு என்று பெயரிட்டார். அவருடைய கோட்பாட்டில் பிற்காலத்தில் நிற்காத பகுதிகள் உண்டு. ஆனால் கழுதையின் மூக்கில் அவர் கண்ணால் கண்டது நின்றுவிட்டது. முகநரம்பைச் சிரிப்புக்கும் அழுகைக்குமான நரம்பாக மட்டுமே நாம் கற்பிக்கிறோம். பெல் அதை மூச்சின் நரம்பாகப் பார்த்தார். குதிரை, கழுதை போன்ற விலங்குகளால் வாய்வழியாக மூச்சுவிட முடியாது. அவற்றுக்கு மூக்கு அசைவு நின்றால் ஓட்டமே நின்றுவிடும்.

குழந்தை மருத்துவத்துக்கு நீங்கள் போகும்போது இதே தசைகளை மறுபடி சந்திப்பீர்கள். சில மாதக் குழந்தை பெரும்பாலும் மூக்கால்தான் மூச்சுவிடும். நுரையீரலில் சளிக்காய்ச்சல் கண்ட குழந்தையின் மூக்கு மடல்கள் ஒவ்வொரு மூச்சுக்கும் விடைக்கும். நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணுவதற்குக் கணக்கு உண்டு: இரண்டு மாதத்துக்குக் கீழே 60, ஓராண்டு வரை 50, ஐந்தாண்டு வரை 40, அந்த எண்ணிக்கையைத் தொட்டாலோ தாண்டினாலோ வேகமான மூச்சு. அதை எண்ணத்தான் வேண்டும். ஆனால் எண்ணத் தொடங்குவதற்கு முன்பே, தாயின் மடியில் போர்வைக்குள் இருக்கும் குழந்தையின் முகத்தை மட்டும் பார்த்து, "மூக்கு விடைக்கிறது, உடனே உள்ளே கொண்டு போங்கள்" என்று சொல்லும் செவிலியர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களில் பலர் இந்தத் தசையின் பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். அவர்கள் கண்ட அசைவின் பெயரைத்தான் நீங்கள் மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறீர்கள்.

விலங்குகளில் இதற்கு இணையான தசை இவ்வளவு ஒடுங்கியதல்ல. கால்நடை மருத்துவ நூல்களில் லெவேட்டர் நேசோலேபியாலிஸ் என்று பார்ப்பீர்கள். நாயின் முகத்தில் அது அகன்ற விரிப்பு. உறுமும்போது மூக்கின் மேல் மடிப்பு விழுந்து கோரைப்பல் தெரிகிறதே, அதில் இதற்குப் பெரும்பங்கு. ஆட்டுக்கிடா பெட்டையின் சிறுநீரை முகர்ந்துவிட்டுக் கழுத்தை நீட்டி மேலுதட்டைச் சுருட்டிக்கொண்டு அசையாமல் நிற்பதை ஊர்ப்பக்கம் வளர்ந்தவர்கள் பார்த்திருப்பார்கள். அதிலும் இந்தக் குடும்பத்துத் தசைகள்தான். மனிதனின் ஏளனச் சிரிப்பில் ஒரு பக்கக் கோரைப்பல் மேல் உதடு தூக்குவதை நாயின் உறுமலோடு சேர்த்துப் பார்த்தவர் டார்வின், 1872-இல். அந்த ஒப்பீட்டை எந்த அளவுக்கு இழுக்கலாம் என்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. இழுக்கும் தசையும் இழுபடும் இடமும் ஒத்துப்போவதில் தயக்கமில்லை.

இனி, தேர்வுக்கு அப்பாலும் உங்களுக்குத் தேவைப்படப்போகும் ஒன்று. கீழ்த்தாடை விளிம்பைத் தாண்டி முகத்துக்குள் ஏறும் முகத்தமனி நெளிந்து நெளிந்து வாய்க்கோடியைக் கடந்து மூக்கோரமாகப் போகிறது. கண்ணின் உள்மூலையை நெருங்கும் அதன் கடைசிப் பகுதி இந்தத் தசைக்குள்ளேயே புதைந்திருக்கிறது. அங்கே அது கண்குழியிலிருந்து வரும் தமனிக் கிளைகளோடு கைகோக்கிறது. மூக்கோரக் கோட்டை நிரப்பி முகத்தை இளமையாக்கப் போடும் ஊசி மருந்து தவறுதலாக இந்தத் தமனிக்குள் ஏறினால், பின்னோக்கிப் போய்க் கண்ணின் இரத்தக் குழாயை அடைத்துப் பார்வையைப் பறிக்கலாம். அப்படி நிகழ்ந்திருக்கிறது. அழகு நிலையங்களில் இந்த ஊசிகளைப் போடும் பழக்கம் பரவிவருவதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையாகவே அச்சமாக இருக்கிறது. ஊசி பிடிக்கும் கை இந்த ஒரு சென்டிமீட்டர் அகல இடத்தை அறுத்துப் பார்த்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். சிரை வழியும் அப்படித்தான்: இங்குள்ள சிரை கண்குழி வழியாக மண்டைக்குள் இருக்கும் குகைப்பைக் குழி என்ற சிரைக் குழியோடு தொடர்புடையது, இங்கே தொற்று வந்தால் அந்த வழியே உள்ளே போகலாம். மூக்கோரப் பருவைக் கிள்ளாதே என்று வீட்டில் சொல்வதற்கு உடற்கூறியல் துணை நிற்கிறது.

சிரித்தால் ஈறு அதிகம் தெரிகிறவர்களுக்கு இந்தத் தசையைச் சற்றுத் தளர்த்த பாட்டுலினம் நச்சை மிகச் சிறு அளவில் செலுத்தும் சிகிச்சை இருக்கிறது. தென்கொரியாவின் யோன்செய் பல்கலைக்கழகத்தார் 2009-இல் அதற்கு ஓர் இடம் குறித்தார்கள்: மூக்கு மடலின் ஓரத்திலிருந்து பக்கவாட்டில் 1 செ.மீ., உதட்டுக் கோட்டிலிருந்து மேலே 3 செ.மீ. நம் தசையும், மேலுதடு உயர்த்தும் தசையும், சிறிய சைகோமாட்டிக்கஸும் அந்தப் புள்ளியை நோக்கிக் குவிகின்றன. சடலங்களை அறுத்து அளந்துதான் அந்தப் புள்ளிக்கு வந்தார்கள். உங்கள் மேஜையில் இருப்பது போன்ற மேஜைகளில்.

உங்கள் மேஜையில் இருக்கும் சடலத்தின் மறுபாதி முகம் இன்னும் தொடப்படாமல் இருந்தால் நாளை இப்படிச் செய்யுங்கள். மூக்கிலிருந்து தொடங்காதீர்கள். கீழ்த்தாடையில், மாசிட்டர் என்ற மெல்லும் தசையின் முன்விளிம்பில் முகத்தமனியைப் பிடியுங்கள். அதைப் பின்தொடர்ந்து மேலேறுங்கள். அது உங்களை நேராகத் தசையிடம் கொண்டுபோய் விடும். தோலைத் தூக்கும்போது கத்தியின் கூர்ப்பக்கம் எப்போதும் தோலை நோக்கி இருக்கட்டும். தோலில் கீறல் விழுந்தால் பரவாயில்லை, ஓட்டை விழுந்தாலும் பரவாயில்லை. நரம்பு இழைகள் இந்தத் தசைக்குள் அடிப்புறமாக நுழைகின்றன, ஆகவே மேற்புறம் வேலை செய்யும்போது அவற்றுக்கு ஆபத்து குறைவு. கண்ணைச் சுற்றியோடும் தசையின் உள்பக்கக் கீழ்விளிம்பை அடையாளம் கண்டு, அதை மெல்ல மேலே ஒதுக்கினால் நெற்றி நீட்சியிலிருந்து இறங்கும் இழைகள் தெரியும். மடலை நெருங்கியதும் கத்தியைக் கீழே வைத்துவிடுங்கள். அங்கே தசையும் தோலும் பிரிக்கக் கூடியவை அல்ல. ஃபோர்செப்ஸால் மேல்முனையைப் பிடித்து, எலும்பின் திசையில் மெதுவாக இழுங்கள்.

மூக்கு மடல் மேலேறும். உதடும் கூடவே தூக்கும்.